பதிலுக்கு எட்டு விநாடி

அத்தியாயம் பதினான்கு

கதவில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தவளைப் போன வாரம் அப்படியே நிற்க வைத்துவிட்டுப் போய்விட்டோம். பாவம், கால் வலித்திருக்கும். முதலில் அவளை உட்கார வைத்துவிடுவோம்.

சின்ன அறைக்குள் தன் கணவர் எவளோ ஒருத்தியிடம் குழைந்து குழைந்து பேசுகிறார் என்று ஒரு வாரமாக வெந்துகொண்டிருந்தாள் அவள். கடைசியில் பார்த்தால் அது ஆளே இல்லை. மகள் விட்டுப்போன பழைய போனில் ஓடுகிற ஆங்கிலப் பாடம். பெண் குரல் ஒன்று கேள்வி கேட்கும். பதிலுக்காக எட்டு விநாடி பொறுக்கும். பதில் வந்தால் "வெரி குட்" என்று பாராட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகும். அவ்வளவுதான் விஷயம். அவள் மனதுக்குள் அந்தக் குரலுக்கு 'போன்காரி' என்று பெயர் வைத்தாள். ஆளே இல்லை என்று தெரிந்த பிறகும் அந்தப் பெயரில் கொஞ்சம் காரம் மிச்சமிருந்தது.

ஐம்பத்து நான்கு வயதில் ஒரு லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஆங்கிலம் எதற்கு என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். மூன்று வாரத்துக்கு முன்னால் ஏதோ அலுவலகக் கட்டடத்தில் ஒரு பெண் லிஃப்டுக்குள் நாற்பது நிமிடம் மாட்டிக்கொண்டாள். இவர் மேலே ஏறி நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே இருந்தவள் கதவைத் தட்டித் தட்டி, "யாராவது இருக்கீங்களா?" என்று ஆங்கிலத்தில் கத்தியிருக்கிறாள். இவர் காதில் விழுந்தது. என்ன சொல்வது என்று தெரியவில்லை. வேலையை முடித்தால் கதவு தானாகத் திறக்கப்போகிறது, பேச்சு எதற்கு என்று சும்மா இருந்துவிட்டார். அவள் வெளியே வந்ததும் புகார் கொடுத்தாள். லிஃப்ட் பழுதானதற்காக அல்ல. மேலே ஒரு மனிதர் இருந்தும் வாயைத் திறக்கவில்லை என்பதற்காக.

மகள் வழியாக இதைக் கேள்விப்பட்டதும் 'அதானே' என்று இவள் நினைத்துக்கொண்டாள். அந்தப் பெண்ணுக்கு நாற்பது நிமிடம். இவளுக்கு ஐந்து மாதம்.

ஐந்து மாதத்துக்கு முன்னால் மகளுக்கு வெளியூரில் வேலை கிடைத்தது. கல்யாணத்துக்குப் பார்த்துக்கொண்டிருந்த நேரம். ஆறு மாதம் போகட்டும் என்றாள் இவள். மறுநாள் காலையில் எழுந்து பார்த்தால் மகளின் பெட்டி வாசலில் இருக்கிறது, அப்பா ஆட்டோவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அவளை அனுப்பிவிட்டு உள்ளே வந்தவரிடம் இவள் சொன்னது ஒன்றே ஒன்று.

"என்னை ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணல இல்ல? இனிமே நீங்க என்கிட்ட ஒரு வார்த்தை பேச வேண்டாம்."

கோபத்தில் சொல்வதுதானே. எல்லா வீட்டிலும் சொல்வதுதான். சாயங்காலம் காபி டம்ளரோடு அந்தக் கோபம் போய்விடும். ஆனால் இருபத்தேழு வருடமாக இவள் சொன்னதில் ஒன்றைக்கூடக் காதில் போட்டுக்கொள்ளாத அந்தக் கல்லுளிமங்கன், இதை மட்டும் பிசகாமல் கேட்டுவிட்டார். அன்றைக்குச் சின்ன அறைக்குப் பாயை எடுத்துக்கொண்டு போனவர்தான்.

அதற்குப் பிறகு வீட்டில் நடந்த பேச்செல்லாம் மகள் வழியாகத்தான். இவள் சமையலறையிலிருந்து வெளியூருக்குப் போன் போட்டு, "பால் தீர்ந்துபோச்சுன்னு உங்கப்பாகிட்ட சொல்லும்மா" என்பாள். உடனே பக்கத்து அறையில் அவருடைய பட்டன் போன் அடிக்கும். "ம்" என்பார். செருப்புச் சத்தம் கேட்கும். பால் வரும். பன்னிரண்டு அடி தூரத்தைக் கடக்க ஒரு வாக்கியம் ஊரைத் தாண்டிப் போய்விட்டு வந்தது.

மகளும் எத்தனை நாள்தான் தபால்காரியாக இருப்பாள்? போன வாரம் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"அம்மா, என்னால முடியல. ஒண்ணு அப்பாகிட்ட பேசு. இல்லன்னா கிளம்பி இங்க வா. என் ரூமுக்குப் பக்கத்து ரூம் காலியாகுது. உனக்குன்னு சொல்லி வெச்சிருக்கேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள்ள பதில் சொல்லணும், அப்புறம் வீட்டுக்காரம்மா வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க."

இன்றைக்கு அந்த வெள்ளிக்கிழமை.

காலை ஆறேகால். இவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எப்போதும் சாத்தியிருக்கும் சின்ன அறைக் கதவு இன்றைக்கு ஒருக்களித்திருந்தது. அந்தப் புகாருக்காகக் கம்பெனி வைக்கிற தேர்வு நாளைக்கு. மேலதிகாரி முன்னால் நின்று ஆங்கிலத்தில் கால் மணி நேரம் பேச வேண்டும்.

"ஐ ஆம் ஹியர்," என்றார் அவர் உள்ளே. "டோன்ட் வொரி. ஐ ஆம் அபவ் யூ. ஐ வில் டாக் டு யூ."

நான் இருக்கிறேன், பயப்படாதீங்க, உங்களுக்கு மேலேதான் நிற்கிறேன், உங்களோடு பேசிக்கொண்டிருப்பேன். மாட்டிக்கொண்டவர்களுக்குச் சொல்ல வேண்டிய வாசகங்கள். எவ்வளவு மிருதுவாகச் சொல்கிறார் பாருங்கள். இந்தக் குரல் இவருக்குள் எங்கே இருந்தது என்று இவளுக்குப் புரியவில்லை. இன்னும் மாட்டிக்கொள்ளாத, முகம் தெரியாத யார் யாருக்கோ எடுத்து வைத்திருக்கிறார். கத்தியை வைத்துவிட்டுச் சும்மா நின்றாள். அவர்கள் மேல் பொறாமையாக இருந்தது. சொல்லவே வெட்கமான பொறாமை.

பிறகு போன்காரி குசலம் விசாரிக்க ஆரம்பித்தாள். ராத்திரி நன்றாகத் தூங்கினீர்களா? காலையில் எத்தனை மணிக்கு எழுந்தீர்கள்? ஒவ்வொன்றுக்கும் அவர் தட்டுத்தடுமாறிப் பதில் சொன்னார். இவள் பள்ளி இறுதி வரை படித்தவள், தான் வேலை செய்யும் தையல் கடையில் வாடிக்கையாளர்களோடு நாலு வார்த்தை ஆங்கிலத்தில் பேசுகிறவள். அவர் தப்பு விடும்போதெல்லாம் இவள் உதடு தானாகத் திருத்திக்கொண்டது.

"டூ யூ லிவ் அலோன்?" என்றாள் போன்காரி.

தனியாகவா வசிக்கிறீர்கள்? இவள் கை நின்றது.

"யெஸ்," என்றார் அவர். தடுமாறவே இல்லை. "ஐ லிவ் அலோன்."

"ஓ, ஐ சீ. ஹவ் இஸ் த வெதர் டுடே?"

வெயில் அடிக்கிறது என்றார் அவர். இவள் அடுப்பை அணைத்தாள். நறுக்கிய காய் நறுக்கியபடி கிடந்தது. ஐந்து மாதமாக ஒரு வார்த்தைகூடப் பேசாதவர் கடைசியில் வாயைத் திறந்து சொன்னது இதுதானா? தினமும் இவள் வைத்த சோற்றைத் தின்றுவிட்டு, இவள் துவைத்துத் தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு, தனியாக இருக்கிறாராம். அழுகைகூட வரவில்லை.

அவர் குளித்துக் கிளம்பிப் போன சத்தம் கேட்டது. வழக்கம்போல வாசலில் ஒரு நிமிடம் நின்றார். வழக்கம்போல ஒன்றும் சொல்லாமல் போனார்.

இவள் வேலை செய்வது ஆல்டரேஷன் கடையில். ரெடிமேட் உடைகளை ஆளுக்குத் தக்கபடி குறைப்பது, பிரிப்பது, நீளம் மடிப்பது. நீளமான அறை, நான்கு தையல் மிஷின், ஒரு ஆளுயரக் கண்ணாடி. பக்கத்து மிஷினில் உட்கார்ந்திருப்பவளை எல்லோரும் 'காஜா அக்கா' என்று கூப்பிடுவார்கள். சட்டைப் பொத்தானுக்குத் துளை தைக்கிற காஜா வேலையில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் கண் மங்கி வருகிறது. ஊசியில் நூல் கோப்பதற்கு இவள்தான் வேண்டும். காலையில் வந்ததும் பத்து ஊசி கோத்து அவள் எதிரில் ஒரு துணியில் குத்தி வைப்பாள்.

இன்றைக்கு இருபது கோத்தாள்.

"என்ன, எங்கயாவது போறியா?" என்றாள் காஜா அக்கா, நிமிராமலே.

"மகள்கிட்ட. அங்கயே இருந்துடலாம்னு பார்க்கிறேன்."

காலையில் கேட்டதை இவள் சொன்னாள். சொல்லும்போது குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. காஜா அக்கா காலர் ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு யாரும் இல்லை. ஒரே ஒரு அறை, ஒரே ஒரு ரேடியோ.

"எங்க வீட்ல காலையில ரேடியோக்காரன் வணக்கம் சொல்லுவான்," என்றாள் கடைசியில். "நானும் திருப்பி வணக்கம் சொல்லுவேன். சத்தமாவே சொல்லுவேன். யாராவது கேட்டா பைத்தியம்னு நினைப்பாங்க. கேக்கத்தான் யாரும் இல்லையே." கொஞ்சம் சிரித்தாள். "போய்ட்டு வா. மகள்கூட இருக்கிறது நல்லதுதான். எனக்கு நூல் கோக்கத்தான் ஆள் பார்க்கணும்."

மிஷின் சத்தம் மறுபடி ஆரம்பித்தது.

மதியம் மகள் போன் செய்தாள்.

"என்னம்மா முடிவு பண்ணியிருக்கே?"

"வந்துடறேன்," என்றாள் இவள். "ஆறு மணிக்குக் கூப்பிடு. பெட்டி கட்டிட்டு உறுதியா சொல்லிடறேன்."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"அவரு தனியாத்தான் இருக்காராம். அவருக்கு என்ன தெரியணும்?"

மகளுக்குப் புரியவில்லை. "என்னம்மா உளர்றே?" என்றாள். இவள் விளக்கவில்லை. போட்டே காட்டலாம் என்று தோன்றியது. அந்தப் போனில் அவர் சொல்கிற பதில்களெல்லாம் பதிவாகும், தப்பைத் திரும்பக் கேட்டுத் திருத்திக்கொள்வதற்காக. ஒருமுறை அவர் தன் குரலையே போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது இவளுக்குத் தெரியும். உங்கப்பா வாயாலேயே கேட்டுக்கோ என்று ஆறு மணிக்கு மகள் காதில் போட்டுவிட வேண்டும். அப்பா அப்பா என்று உருகுகிறாளே, கேட்கட்டும்.

முதலாளியிடம் சொல்லிவிட்டு நான்கு மணிக்கே வீட்டுக்கு வந்தாள்.

பெட்டி சின்ன அறைக் கட்டிலுக்கு அடியில் இருந்தது. ஐந்து மாதத்தில் இவள் அந்த அறைக்குள் கால் வைத்தது பெருக்க மட்டும்தான். பாய் சுருட்டி வைத்திருந்தது. மகளுடைய கட்டிலில் அவர் படுப்பதில்லை, கீழேதான். ஜன்னல் ஓரத்தில் ஒரு நாற்காலி. அதன் மேல் விரிசல் விட்ட போன், சார்ஜில்.

பெட்டியை இழுத்துத் திறந்து வைத்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து போனை எடுத்தாள்.

பதிவுகள் வரிசையாக இருந்தன. பத்து நாளும் ஒரே பாடம், 'வீடும் குடும்பமும்'. ஒன்பது நாள் மதிப்பெண் பூஜ்யம். இன்றைக்கு மட்டும் நூற்றுக்கு நூறு.

இதென்ன கூத்து என்று முதல் நாள் பதிவை அமுக்கினாள்.

"டூ யூ லிவ் அலோன்?"

"நோ." குரலில் ஒரு மிடுக்கு. "ஐ லிவ் வித் மை வொய்ஃப்."

இவள் போனைக் கொஞ்சம் விலக்கிப் பிடித்து, மறுபடி காதுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள்.

"வொண்டர்ஃபுல். வாட் டிட் யூ டாக் அபவுட் வித் யுவர் வொய்ஃப் திஸ் மார்னிங்?"

இன்று காலை உங்கள் மனைவியோடு என்ன பேசினீர்கள்? எட்டு விநாடி. அவர் மூச்சு விடுவது கேட்டது. தூரத்தில் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. அது இவள்தான்.

"ப்ளீஸ் ஆன்சர் இன் எ ஃபுல் சென்டன்ஸ்," என்றாள் போன்காரி. முழு வாக்கியமாகப் பதில் சொல்லுங்கள். மறுபடி எட்டு விநாடி. நாற்காலி கிறீச்சிட்டது. பாடம் அதோடு நின்று, பூஜ்யம் விழுந்திருந்தது.

இரண்டாம் நாள். அதே கேள்வி, அதே மிடுக்கான பதில், மனைவியோடு வசிக்கிறேன் என்று. என்ன பேசினீர்கள்? அந்த எட்டு விநாடிக்குள் இவள் குரல் கேட்டது, சமையலறையிலிருந்து. "பால் தீர்ந்துபோச்சுன்னு உங்கப்பாகிட்ட சொல்லும்மா." பதிவு முடிவதற்குள் பட்டன் போன் அடித்தது.

இவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் நிறைந்தது.

மூன்றாம் நாள், "மை வொய்ஃப் அண்ட் ஐ..." என்று ஆரம்பித்து, "சாரி" என்றார். போன்காரியிடம் மன்னிப்பு. நான்காம் நாள் துணிந்து ஒரு பொய் சொன்னார், வெயில் மழை பற்றிப் பேசினோம் என்று. "வீ டாக்ட் அபவுட் வெதர்." போன்காரி "வெரி குட்" என்றாள். மனிதர் சும்மா இருக்கக் கூடாதா? எட்டு விநாடியும் முடிவதற்குள் தமிழில், தனக்குத் தானே சொல்வதுபோல, "இல்ல. பேசல," என்றார். அதையும் ஒரு பதில் என்று எண்ணிக் குழம்பிப்போய்ப் பூஜ்யம் போட்டுவிட்டது அந்த இயந்திரம்.

ஐந்தாம் நாள் பதிவில் ஆங்கிலமே இல்லை. "சொல்லிட்டா தேவலாம்," என்று முணுமுணுத்தார். "சொல்ல மாட்டேன்னு வாக்கு குடுத்துட்டேனே." யாருக்கு, என்ன வாக்கு? இவள் இரண்டு முறை திருப்பிப் போட்டுக் கேட்டாள். விளங்கவில்லை.

ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது. எல்லாவற்றிலும் மனைவியோடு வசிக்கிறேன் என்றார். எல்லாவற்றிலும் அடுத்த கேள்வியில் நின்றார். ஒரு பொய்யைக் கூசாமல் சொல்லிவிட்டு மேலே போயிருக்கலாம். யார் வந்து வீட்டில் எட்டிப் பார்க்கப் போகிறார்கள்? பாடத்தில் இருக்கிற யாரோ ஒரு மனிதர் மனைவியோடு தோட்டத்தைப் பற்றிப் பேசினார் என்று மாதிரிப் பதில்கூடக் கொடுத்திருந்தார்கள். அதைப் படித்துவிட்டால் போதும். இவருக்கு வரவில்லை.

பத்தாம் நாள், இன்று காலை. தனியாக இருக்கிறேன். தனியாக இருக்கிறேன் என்று சொல்கிறவரிடம் போன்காரி மனைவியைப் பற்றிக் கேட்கமாட்டாள். நேராக வெயிலுக்கும் மழைக்கும் போய்விடுவாள். நாளைக்குத் தேர்வு. அந்த ஒரு கேள்வியைத் தாண்ட அவருக்கு வேறு வழி தெரியவில்லை.

ஜன்னலுக்கு வெளியே யாரோ சைக்கிளைப் பூட்டினார்கள். திறந்த பெட்டி காலியாகவே கிடந்தது. போன்காரியைத் தவிர வேறு யாரும் பதில் சொல்லாத இந்த அறையில் அவர் எப்படி உட்கார்ந்திருந்திருப்பார் என்று இவள் உட்கார்ந்து பார்த்தாள். சமையலறைச் சத்தமெல்லாம் இங்கே தெளிவாகக் கேட்கும். குழாயைத் திறந்தால் கேட்கும். இவள் தும்மினால் கேட்கும். ஐந்து மாதமாகத் தன் வீம்பை மட்டுமே இவள் பார்த்துக்கொண்டிருந்தாள். இவள் சொன்ன ஒரு சொல்லைக் காவல் காத்துக்கொண்டு சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவர் இருந்தது, சத்தியமாக, இவளுக்குத் தோன்றவே இல்லை.

ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வாசல் கதவு திறந்தது. குழாயடியில் கை கழுவும் சத்தம். கிரீஸ் போக எப்போதும் மூன்று முறை கழுவுவார். பிறகு சின்ன அறை வாசலுக்கு வந்து நின்றார். அவருடைய நாற்காலியில் இவள். கீழே திறந்த பெட்டி. கையில் போன்.

அவர் பார்வை பெட்டியில் போய் நின்றது. ஈரக் கை அப்படியே தொங்கியது.

இவள் பாடத்தை அமுக்கினாள்.

"டூ யூ லிவ் அலோன்?"

"நோ," என்றாள் இவள். அவரைப் பார்க்காமல், போனைப் பார்த்து. "ஐ லிவ் வித் மை ஹஸ்பண்ட்."

"வொண்டர்ஃபுல். வாட் டிட் யூ டாக் அபவுட் வித் யுவர் ஹஸ்பண்ட் திஸ் மார்னிங்?"

இப்போது நிமிர்ந்து பார்த்தாள். எட்டு விநாடி என்பது எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒன்று. இரண்டு. அவர் ஈரக் கையைச் சட்டையில் துடைத்தார். நான்கு. ஐந்து.

"பேசலாமா?" என்றார் அவர்.

அனுமதி கேட்கிறார். நிஜமாகவே அனுமதிதான் கேட்கிறார்.

"வேண்டாம்னு யாரு சொன்னா?" என்றாள் இவள்.

"நீதான்."

"ப்ளீஸ் ஆன்சர் இன் எ ஃபுல் சென்டன்ஸ்," என்றாள் போன்காரி.

இவள் போனை அமுக்கிப் போன்காரியின் வாயை அடைத்தாள். அதே நேரம் மடியில் இருந்த இவளுடைய போன் அடித்தது. மணி ஆறு. மகள்.

"அம்மா, வீட்டுக்காரம்மா எதிர்லயே நிக்கிறாங்க. வர்றியா, இல்லையா?"

"அந்த ரூமை வேற யாருக்காவது குடுத்துடச் சொல்லு," என்றாள் இவள். "அப்புறம் கூப்பிடறேன். அப்பாகிட்ட பேசிக்கிட்டிருக்கேன்."

மறுமுனையில் சந்தோஷக் கூச்சல் வரும் என்று எதிர்பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. மகள் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. தன்னையும் அறியாமல் இவள் எண்ண ஆரம்பித்துவிட்டாள். ஐந்து, ஆறு, ஏழு.

"எல்லாத்தையும் சொல்லிட்டாராம்மா?" என்றாள் மகள், மிகவும் சன்னமாக. "சொல்ல மாட்டேன்னு நான் கிளம்பின அன்னைக்கு எனக்கு வாக்கு குடுத்தாரே."

(தொடரும்)